கணினிக்குக் குளிர்ச்சி: தண்ணீரா, விசிறியா?

சென்ற மே மாதம் ஓர் இரவு, பதினொரு மணி இருக்கும். எங்கள் வீட்டில் தங்கிக் கட்டடக்கலை இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த என் தங்கை மகள், "மாமா, மறுபடியும் அணைஞ்சு போச்சு" என்று அறையிலிருந்து குரல் கொடுத்தாள். நான்கு நாளில் இறுதித் திட்டப் படங்களைச் சமர்ப்பிக்க வேண்டும். அவள் வடிவமைத்த கட்டடத்தின் முப்பரிமாணப் படம் ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் வரைந்து முடிக்க ஐந்து மணி நேரம் ஆகும். அதுவோ ஒரு மணி நேரத்தில் தானாகவே அணைந்துவிடும். பகலெல்லாம் 45 டிகிரி காய்ந்த நாகபுரியில், அந்த நேரத்திலும் அறைக்குள் 38 டிகிரி.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கேட்டோம். "இந்த ஊர் வெயிலுக்கு விசிறி தாங்காது சாப், லிக்விட் கூலர் போட்டே ஆகணும்" என்றார். விலை 9,000 ரூபாய். அவளுக்கும் அதுதான் சரி என்று பட்டது. எனக்கு மட்டும் உறுத்தியது. முப்பத்தைந்து ஆண்டுகள் டீசல் ஷெட்டில் எஞ்சின்களின் சூட்டோடு மல்லுக்கட்டியவனிடம், "தண்ணீர் ஊற்றினால் வெயில் தெரியாது" என்று ஒருவர் சொன்னால் சும்மா இருக்க முடியுமா? நம் சங்கத்து அன்பர்கள் வீடுகளிலும் பிள்ளைகள் இதே கேள்வியோடு வருவதாக அறிகிறேன். ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. எங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது இன்டெல் கோர் ஐ7-12700 பிராசஸர். அட்டைப்பெட்டியில் 65 வாட் என்று போட்டிருப்பார்கள். அது அடிப்படை அளவுதான். முழு மூச்சில் ஓடும்போது 180 வாட் வரை எடுக்கும். அவ்வளவு மின்சாரமும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். ஒரு ரூபாய் நாணயம் போன்ற சிறிய பரப்பிலிருந்து, பழைய குண்டு பல்புகள் மூன்றின் சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைக் காற்று அள்ளிக்கொண்டு போக வேண்டும், காற்றின் உஷ்ணம் 10 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்றால், வினாடிக்குச் சுமார் 15 லிட்டர் காற்று வேண்டும். அதாவது வினாடிக்கு ஒரு வாளி. அதே வேலையைத் தண்ணீர் செய்தால் வினாடிக்கு 4 மில்லிலிட்டர் சொச்சம் போதும், ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. கன அளவுக்குக் கன அளவு பார்த்தால் தண்ணீர் காற்றைப் போல் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும்.

"அப்படியானால் கடைக்காரர் சொன்னது சரிதானே?" என்று கேட்பீர்கள். இங்கேதான் சூட்சுமம். தண்ணீர் வெப்பத்தைச் சுமக்குமே தவிர விழுங்கிவிடாது. சுமந்ததை எங்காவது இறக்க வேண்டும். எங்கள் டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 16 சிலிண்டர், 2,600 குதிரைச் சக்தி. குளிர்விக்கும் தண்ணீர் மட்டும் ஆயிரம் லிட்டருக்கு மேல் அதன் வயிற்றில் ஓடும். அந்தத் தண்ணீர் போய்ச் சேருவது ரேடியேட்டருக்கு. அங்கே ஒரு பெரிய விசிறி சுழன்று காற்றை இழுத்துத் தண்ணீரின் சூட்டை வெளியே தள்ளும். விசிறி நின்றால் ஆயிரம் லிட்டரும் கொஞ்ச நேரத்தில் கொதிநிலைக்குப் போய்விடும். கம்ப்யூட்டர் லிக்விட் கூலரும் இதே ஏற்பாடுதான். பிராசஸர் மேல் ஒரு பம்ப், இரண்டு ரப்பர் குழாய், ஒரு ரேடியேட்டர், அதன் மேல் இரண்டோ மூன்றோ விசிறி. ஆகவே "தண்ணீரா, விசிறியா" என்ற கேள்வியே பாதி தவறு. இரண்டிலும் கடைசி வேலையைச் செய்வது விசிறிதான், இரண்டுமே அறைக் காற்றின் சூட்டுக்குக் கீழே இறங்க முடியாது. அறை 28 டிகிரியாக இருக்கும்போது 70 காட்டும் பிராசஸர், அறை 40 ஆனால் ஏறத்தாழ 82 காட்டும். தண்ணீர் போட்டாலும் அந்த 12 டிகிரியிலிருந்து தப்ப வழியில்லை.

அதே எஞ்சினில் இன்னொரு விஷயமும் உண்டு. சக்கரங்களைச் சுழற்றும் டிராக்ஷன் மோட்டார்களுக்குத் தண்ணீர் கிடையாது. புளோயர் ஊதும் காற்றுதான். ஒரே வண்டியில் தண்ணீர் தேவையான இடத்தில் தண்ணீரும், காற்று போதுமான இடத்தில் காற்றும் வைத்திருக்கிறார்கள். எது உயர்ந்தது என்று யாரும் சண்டை போட்டதில்லை.

இன்னொரு வேடிக்கை. "வெறும் விசிறி" என்று பிள்ளைகள் முகம் சுளிக்கும் கோபுர வடிவக் குளிர்விப்பானுக்குள்ளும் தண்ணீர்தான் இருக்கிறது. அடியில் தொடங்கி அலுமினியத் தகடுகளுக்குள் ஏறும் செப்புக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குள் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சில துளித் தண்ணீரை வைத்து அடைத்திருப்பார்கள். காற்றழுத்தம் இல்லாததால் குறைந்த சூட்டிலேயே அது ஆவியாகி மேலே போகும், தகடுகளிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி நீராகி, உட்சுவரில் உள்ள நுண்துளைப் பூச்சு வழியே அடிக்குத் திரும்பும். பம்ப் இல்லை, மின்சாரம் இல்லை, சத்தம் இல்லை. இதைக் கண்டுபிடித்தவர்களை ஒரு கும்பிடு போடலாம்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். ஷெட்டில் ஒரு முறை கோடை தொடங்கியதும் ஒரு எஞ்சின் திரும்பத் திரும்பச் சூடேறி வந்தது. தண்ணீர் பம்பை மாற்றினோம், உஷ்ண ஸ்விட்சுகளை மாற்றினோம். கடைசியில் ஒரு பழைய கலாசிதான் டார்ச் அடித்துக் காட்டினார்: ரேடியேட்டர் இடுக்கெல்லாம் பஞ்சும் தூசியும் எண்ணெயும் சேர்ந்து கம்பளி போல் அடைத்திருந்தது. இவ்வளவையும் பார்த்த நான், வீட்டுக் கம்ப்யூட்டரை வாங்கிய இரண்டரை ஆண்டில் ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லை. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினோம். முன்பக்க வலையில் விரல் தடிமனுக்குத் தூசி. பிராசஸரோடு பெட்டியிலேயே வந்த சின்ன விசிறிக்குக் கீழே தகடுகளே தெரியவில்லை. அடியில் தடவியிருந்த வெப்பப் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. போதாக்குறைக்கு, கேபினட்டை மேசையின் அடைப்பான மர அறைக்குள் வைத்திருந்தோம். தான் விட்ட சூட்டு மூச்சையே அது திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. தூரிகையாலும் ஊதியும் சுத்தம் செய்தோம். (ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடும்.) புதுப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு வைத்து மாட்டி, கேபினட்டை வெளியே எடுத்து ஒரு முக்காலி மேல் வைத்தோம்.

அன்று இரவு அணையவில்லை. "பார்த்தாயா, காலணா செலவில்லை" என்று நான் மார்தட்டினேன். அவள் ஒன்றும் பேசாமல் திரையில் உஷ்ணத்தைக் காட்டினாள். 99 டிகிரி. அந்தப் பிராசஸரின் உச்சவரம்பே 100. அணையாமல் இருந்ததற்குக் காரணம், அது தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடியதுதான். ஐந்து மணி நேர வேலை ஏழரை மணி நேரம் இழுத்தது. இன்னும் மூன்று படங்கள் பாக்கி. "சுத்தம் மட்டும் போதாது மாமா" என்றாள். அவள் சொன்னதே சரி. பெட்டியோடு வந்த அந்தச் சின்ன விசிறி 65 வாட்டுக்கு ஏற்றது. 180 வாட்டை அதன் தலையில் கட்டியது நம் தவறு.

அன்றைக்கே கடைக்குப் போய் நான்கு செப்புக் குழாய்கள் கொண்ட கோபுரக் குளிர்விப்பான் ஒன்றை 2,300 ரூபாய்க்கு வாங்கினோம். வாங்குமுன் அதன் உயரம் கேபினட்டுக்குள் அடங்குமா என்று அளந்துகொண்டேன். பிறகு பயாஸ் அமைப்பில் பிராசஸரின் நீடித்த மின் அளவை 125 வாட் என்று கட்டினோம். எஞ்சினை எட்டாம் நாட்சில் வதைக்காமல் ஏழாம் நாட்சில் ஓட்டுவது போல. அதே 38 டிகிரி அறையில் 84 டிகிரிக்கு மேல் போகவில்லை. படம் ஒன்றுக்கு ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. அரை மணி கூடுதல், அவ்வளவே. சமர்ப்பிக்கும் நாள் காலை ஆறு மணிக்குக் கடைசிப் படம் முடிந்தது. என் மனைவி காபியோடு வந்தபோது நாங்கள் இருவரும் அந்த முக்காலிக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தோம்.

லிக்விட் கூலர் போட்டிருந்தால் இன்னும் சில டிகிரி குறைந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதன் பராமரிப்பையும் பார்க்க வேண்டும். விசிறி பழுதானால் சில நூறு ரூபாயில் வேறு மாட்டலாம். அதுவரை தகடுகள் ஓரளவு சூட்டைக் கடத்திக்கொண்டிருக்கும். பம்ப் நின்றால் ஓரிரு நிமிடத்தில் பிராசஸர் உச்சத்தைத் தொட்டுவிடும், பெரும்பாலும் மொத்த அமைப்பையுமே மாற்ற வேண்டிவரும். அடைத்த அமைப்பு என்றாலும் ரப்பர் குழாயின் சுவர் வழியே ஆண்டுக்கணக்கில் திரவம் சிறிது சிறிதாக ஆவியாகிக் குறையும். ஷெட்டில் நாங்கள் தினமும் தண்ணீர் மட்டம் பார்ப்போம். இதில் பார்க்கவும் முடியாது, ஊற்றவும் முடியாது.

அதற்காக அது வீண் என்று சொல்லமாட்டேன். எங்கள் குடியிருப்பில் ஒரு அன்பரின் மகன் ஐ9-14900கே வைத்து நாள் முழுவதும் வீடியோ வேலை செய்கிறான். அது 253 வாட் வரை போகும் பிராசஸர். அவனுக்கு மூன்று விசிறி ரேடியேட்டர் நியாயமான செலவு. பெரிய கோபுரம் உள்ளே அடங்காத கேபினட்டுக்கும், அடிக்கடி ஊர் மாற்றலாகிறவர்களுக்கும்கூட அது பொருந்தும். பெரிய கோபுரங்களில் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளவை உண்டு. லாரியில் போகும்போது போர்டையே வளைத்துவிடும், கழற்றித்தான் அனுப்ப வேண்டும். லிக்விட் கூலர் வாங்குகிறவர்கள் ரேடியேட்டரை மேலே பொருத்துங்கள். உள்ளே சேரும் காற்றுக் குமிழி எப்போதும் உயரமான இடத்துக்குப் போகும். அந்த உயரமான இடம் பம்பாக இருக்கக்கூடாது. இன்னொன்று, அது பிராசஸரை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். விளையாட்டுக்காக வாங்குகிற வீடுகளில் பெரும் சூட்டைக் கக்குவது கிராபிக்ஸ் கார்டு. அதன் சூடு கேபினட்டை விட்டு வெளியேறக் காற்றோட்டம்தான் வழி.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கோடையில் கூலர் காற்று நேரே கம்ப்யூட்டர் மேல் படும்படி வைக்காதீர்கள். அறை குளிர்வதால் கம்ப்யூட்டருக்கு லாபம்தான். ஆனால் கூலர் தெறிக்கும் நுண்துளியில் உப்பு இருக்கும், அது காய்ந்து போர்டில் வெள்ளையாகப் படியும். அறையின் எதிர்மூலையில் வைத்தால் போதும்.

தங்கை மகள் இப்போது புனேயில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கம்ப்யூட்டரையும் எடுத்துப் போயிருக்கிறாள், கோபுரத்தைக் கழற்றிப் பழைய துண்டில் சுற்றி. ஏப்ரல் பிறந்து கூலருக்குப் புதுத் தட்டி கட்டும் அன்று அவளுக்குப் போன் செய்து வலையைத் தட்டினாயா என்று கேட்க வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.