சத்தம் குறைந்த மின்பிறப்பாக்கி: வாங்கும் முன் அளக்க வேண்டியவை

ருவான்வெல்லைப் பகுதித் தோட்டமொன்றில் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது இளைஞர் ஒருவர் கேட்டார்: "சாமி, சத்தமே கேக்காத ஜெனரேட்டர் ஒன்னு வந்திருக்காமே. கொழும்புல வேல செய்ற தம்பி காசு அனுப்புறேங்கிறான். வாங்கலாமா?" நான் வாய் திறக்குமுன் அவருடைய தாயார் குறுக்கிட்டார்: "வாங்கி எங்கடா வைக்கிறது? இஸ்தோப்புலயா?"

மகன் கேட்டது இயந்திரத்தைப் பற்றி. தாய் கேட்டது இடத்தைப் பற்றி. இந்தப் பாடத்தில் இரண்டையும் பார்ப்போம்; ஆனால் தாயாரின் கேள்வியே பெரியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எமது பகுதியில் மின்சாரம் நின்றுபோவதற்குக் காரணம் தேடத் தேவையில்லை. காற்றும் மழையும் வந்தால் இறப்பர் மரம் கம்பியில் விழும். மண் சரிந்தால் கம்பமும் சேர்ந்து சாயும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கேகாலை மாவட்டத்தைப் படுத்திய பாடு எல்லோருக்கும் தெரியும். நாடு முழுவதற்கும் பொதுவான இருளும் உண்டு. 2022 மார்ச் 31இல் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் தீவே இருண்டது. ஆகவே வீட்டுக்கு ஒரு மாற்று ஏற்பாடு வேண்டும் என்று நினைப்பதை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன்.

இன்வேர்ட்டர் வகை இயந்திரம் ஏன் சத்தம் குறைந்தது? பழைய வகையில் எஞ்சின் சுழலும் வேகமே மின்சாரத்தின் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது. எமது நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். அதைத் தர, சாதாரண சிறிய மின்பிறப்பாக்கி நிமிடத்துக்கு ஏறத்தாழ 3000 தடவை சுழல வேண்டும். ஒரேயொரு மின்குமிழ் எரிந்தாலும் அதே வேகம், அதே இரைச்சல். இன்வேர்ட்டர் வகையிலோ எஞ்சின் உண்டாக்கும் ஆடலோட்டம் முதலில் நேரோட்டமாக்கப்படுகிறது. பின்னர் மின்னணுச் சுற்று ஒன்று அதைச் சீரான 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டமாகத் திரும்ப அமைக்கிறது. ஆகவே எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினாலும் வெளிவரும் மின்சாரம் மாறாது. சுமை குறைந்தால் எஞ்சினும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பெற்றோலும் மிச்சம். மூடிய பெட்டியும் நல்ல சைலன்சரும் மீதிச் சத்தத்தைக் குறைக்கின்றன. மின்சாரம் சீரானதாக இருப்பதால் கணினி, தொலைக்காட்சி போன்றவற்றுக்கும் நல்லது.

"குறைந்த சத்தம்" என்று கடைக்காரர் சொன்னால் எத்தனை டெசிபெல், எவ்வளவு தூரத்தில், எந்தச் சுமையில் என்று கேளுங்கள். ஹொண்டா நிறுவனத்தின் இயூ 2200ஐ என்ற பெயர்பெற்ற மாதிரியை உதாரணத்துக்கு எடுப்போம். ஏழு மீற்றர் தூரத்தில் குறைந்த சுமைக்கு 48 டெசிபெல், முழுச் சுமைக்கு 57 டெசிபெல் என்று அதற்குக் கணக்கிடப்பட்டுள்ளது. பத்து டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கும். மலிவான பழைய வகைகள் எழுபதையும் தாண்டும்.

எமது நாட்டில் 1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் பிரதேச சபைப் பகுதிக்குப் பகலில் 55, மாலை ஆறு முதல் காலை ஆறு வரை 45 டெசிபெல் என்று எல்லை வைத்தன. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் சத்தம் ஆறு டெசிபெல் குறையும். கணக்குப் போடுங்கள்: ஏழு மீற்றரில் 57 என்றால், பதினான்கில் 51, இருபத்தெட்டில்தான் 45. விலையுயர்ந்த அமைதியான இயந்திரம்கூட முழுச் சுமையில் ஓடும்போது பக்கத்து வீட்டுக்காரருக்குச் சத்தம்தான். பத்து வீட்டு லயத்தில் ஒருவர் வீட்டுத் தொலைக்காட்சிக்காக ஒன்பது வீட்டுக் குழந்தைகள் விழித்திருக்க வேண்டுமா என்பதைச் சட்டம் கேட்குமுன் நாமே கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது சுமை. ஒரு தாளை எடுத்து, மின்சாரம் நின்றால் எவை உண்மையில் தேவை என்று எழுதுங்கள். ஒன்பது வாற்று எல்ஈடி மின்குமிழ் நான்கு என்றால் 36 வாற்று. மின்விசிறி 60, தொலைக்காட்சி 80, கைத்தொலைபேசிகளுக்கு ஒரு 25. எல்லாம் சேர்த்து 200 வாற்று. சிறிய குளிர்சாதனப் பெட்டி ஓடும்போது 150 வாற்றளவு எடுத்தாலும், தொடங்கும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். நீர்ப்பம்பியும் அப்படியே. சோறு சமைக்கும் குக்கருக்கு 600, அயன்பெட்டிக்கு 1000, தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலுக்கு அதற்கும் மேல். சூடேற்றும் பொருட்களைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடுங்கள். விறகடுப்பு இருக்கும் வீட்டில் பெற்றோல் எரித்துச் சோறு சமைப்பது புத்தியல்ல.

பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் எண் உச்ச அளவு. அது சில கணங்களுக்கு மட்டுமே. தொடர்ந்து தரக்கூடிய அளவு வேறு. நான் மேலே சொன்ன மாதிரிக்கு உச்சம் 2200, தொடர் அளவு 1800 வாற்று. இதைப் பார்க்காமல் நானே ஏமாந்தேன். சில வருடங்களுக்கு முன் இரவு வகுப்புக்கென்று பழைய வகை இயந்திரம் ஒன்றை, பெட்டியில் இருந்த எண்ணை நம்பி, மலிவாக வாங்கினேன். முதல் நாளே ஆசிரியையின் குரல் பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை. இயந்திரத்தைச் சரிவுக்குக் கீழே தள்ளிவைத்து, மெல்லிய வயரைச் சுருளோடு இழுத்தோம். சுருள் சூடேறி இறப்பர் நாற்றம் வந்தது. நல்லவேளை, ஒரு மாணவி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வந்து சொன்னாள். தூரத்தில் வைப்பதானால் தடித்த வயர் வேண்டும், சுருளை முழுதாக விரித்துவிட வேண்டும் என்பதை அன்று கற்றேன்.

இப்போது தாயாரின் கேள்விக்கு வருவோம்.

பெற்றோல் எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தம் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுதலோடு இதைப் பிடித்துக்கொள்கிறது. தலைவலி, வாந்தி, தூக்கம் என்று தொடங்குவதால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். 2021 ஜூலையில் மகாராஷ்டிராவின் சந்திரப்பூரில், மின்சாரம் நின்ற இரவில் வீட்டுக்குள்ளேயே மின்பிறப்பாக்கியை ஓடவிட்டுத் தூங்கிய ஒரே குடும்பத்தின் ஆறு பேர் இறந்தனர். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், நிறுத்திவைத்திருந்த ஒரு வாகன வீட்டுக்குள் இருவர் இறந்துகிடந்தனர். மின்பிறப்பாக்கியின் புகை தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியது என்று ஆய்வில் தெரியவந்தது. அந்த ஓட்டையை நினைவில் வைத்துக்கொண்டு உங்கள் லயத்தின் கூரையை நிமிர்ந்து பாருங்கள். பிரிசுவர் கூரைத்தகரம் வரை போகிறதா? மேலே இடைவெளி இருந்தால் முதலாம் இலக்க வீட்டின் புகை ஐந்தாம் இலக்க வீட்டில் தூங்கும் பாட்டியின் தலைமாட்டுக்குப் போகும்.

கதவு, சன்னலிலிருந்து குறைந்தது இருபது அடி தூரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் பாதுகாப்பு அளவு. உங்கள் வீட்டிலிருந்து மட்டுமல்ல, அடுத்தவர் வீட்டிலிருந்தும். புகைக்குழாய் வீடுகளைப் பார்க்காமல் வெளியே பார்க்க வேண்டும். இஸ்தோப்பு, குசினி, கோழிக்கூட்டுச் சார்ப்பு எதுவும் உதவாது.

சத்தம் குறைந்த இயந்திரத்தில் எனக்குள்ள பயம் இதுதான். இரைச்சல் போடும் பழைய இயந்திரத்தை எவரும் வீட்டுக்குள் வைக்கமாட்டார்கள், காது விடாது. இது இருபத்தொரு கிலோ, ஒரு கையால் தூக்கலாம், மெதுவாகத்தான் உறுமும். மழை அடிக்கிறது, திருடன் பயம் வேறு. "சத்தமில்லையே, கதவடியில் இருக்கட்டும்" என்று தோன்றும். சத்தம் குறைந்ததே தவிர, புகையின் நஞ்சு அப்படியே இருக்கிறது. வாயு கூடினால் தானாக நின்றுவிடும் உணரி பொருத்திய மாதிரிகள் இப்போது வருகின்றன. கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஆனால் அதை நம்பி உள்ளே வைக்காதீர்கள். மழைக்கு நான்கு பக்கமும் திறந்த, மேலே தகரம் போட்ட ஒரு சிறு கொட்டில் போதும்.

இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும். இரு முனையிலும் பிளக் வைத்த வயரால் மின்பிறப்பாக்கியைச் சுவர்ப் பிளக்கில் குத்தி வீட்டுக்கு மின்சாரம் ஏற்றுகிறார்கள். அந்த மின்சாரம் வீட்டோடு நிற்காது; வெளிக்கம்பிக்கும் போகும். புயலில் அறுந்த கம்பியைச் சீராக்கக் கம்பத்தில் ஏறிய ஊழியர் அதனால் உயிரிழக்கலாம். வீட்டு வயரிங்கோடு இணைக்க விரும்பினால், தகுதிபெற்ற மின்னியலாளரைக்கொண்டு மாற்று ஆளி பொருத்துங்கள். இல்லையேல் தேவையான பொருளை நேரே இயந்திரத்தில் இணையுங்கள்.

செலவைப் பார்ப்போம். மேற்சொன்ன இயந்திரத்தின் தாங்கி 3.6 லீற்றர், கால்பங்குச் சுமையில் எட்டு மணி நேரம் ஓடும். 2022 ஜூன் இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றருக்கு 470 ரூபா விற்றது. ஓர் இரவுக்கு 1692 ரூபா. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபா. அடுத்த மாதம் கியூஆர் அட்டையும் வாரப் பங்கீடும் வந்தன. இருள் வரும் காலமும் பெற்றோல் கிடைக்காத காலமும் சேர்ந்தே வரலாம்.

ஆகவே, விளக்கு, விசிறி, தொலைபேசி மட்டும் தேவைப்படும் லயத்து வீட்டுக்கு மின்பிறப்பாக்கியே வேண்டாம் என்பது என் கருத்து. 12 வோல்ற்று, 100 அம்பியர்-மணி ஈய மின்கலத்தில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் 600 வாற்று-மணி கிடைக்கும். 60 வாற்றுச் சுமையை எட்டு மணி நேரமளவு தாங்கும். புகையும் சத்தமும் இல்லை. வாகன மின்கலம் இதற்கு ஏற்றதல்ல. ஆழமாக இறங்கி ஏறக்கூடியதை வாங்குங்கள். சிறிய சூரியத்தகடு இருந்தால் நீண்ட மின்தடையிலும் ஏற்றலாம். தம்பியின் காசு இதற்குப் போதும், மிச்சமும் இருக்கும்.

பல வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பி, முன்பள்ளி, சங்கத்தின் பால் சேகரிப்புக் குளிரூட்டி, நோயாளிக்கான நெபுலைசர் என்றால் நிலைமை வேறு. அங்கே பொதுவாக ஒரு 2000 வாற்று இன்வேர்ட்டர் இயந்திரம் பொருத்தமானது. பம்பியின் தொடக்க இழுப்பை மட்டும் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும்.

வாங்கும்போது 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் என்று தகட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்பவை 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். நான் உதாரணத்துக்கு எடுத்த 2200ஐ அமெரிக்க மாதிரிதான், இங்குள்ள மின்சாரத்துக்கு அதே அளவான இயூ22ஐ உண்டு. உறவினர் அன்போடு அனுப்பினாலும் அங்குள்ளது எமக்குப் பயன்படாது. ஒயில் கலக்கத் தேவையில்லாத நான்கடிப்பு எஞ்சின், அவிசாவளையிலோ கேகாலையிலோ உதிரிப்பாகம், பழுதுபார்க்க ஆள்: இவை மூன்றையும் விசாரியுங்கள். மாதம் ஒருமுறை சிறிது நேரம் சுமையோடு ஓடவிடுங்கள். நீண்ட நாள் வைப்பதானால் காபரேற்றரிலுள்ள பெற்றோலை வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிசின் பிடித்துத் தேவையான நாளில் தொடங்காது. சூடாக இருக்கும்போது பெற்றோல் ஊற்றாதீர்கள். பெற்றோல் கலனை அடுப்புள்ள குசினியில் வைக்கவும் வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு லயத்தினரும் இரண்டு தாள் கொண்டுவாருங்கள். ஒன்றில் அவசியமான பொருட்களும் அவற்றின் வாற்றும். மற்றதில் லயத்தின் படம். எல்லாக் கதவு, சன்னலிலிருந்தும் இருபது அடி அளந்து, இயந்திரம் வைக்கக்கூடிய இடத்தைக் குறித்து. அளந்தபின் இடமே இல்லையென்றால் அதையும் எழுதிக்கொண்டு வாருங்கள்; அந்த லயத்துக்கு மின்கலத்தைப் பற்றிப் பேசுவோம்.