பாவித்த மடிக்கணினி இயங்க மறுத்தால்: கடைக்குக் கொண்டுபோகும் முன் வீட்டில் பார்க்க வேண்டியவை

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்கள் புதையுண்டன. உயிர் தப்பியவர்கள் பலரிடம் உடுத்திருந்த துணியைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் வீட்டோடு சேர்ந்து மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளைக் கண்டது.

ஆவணங்களைப் படம் பிடித்துக் கணினியில் சேமித்து வையுங்கள் என்று மீள்குடியேறும் குடும்பங்களிடம் நாங்கள் சொல்வது இதனால்தான். பலர் அப்படியே செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கணினி பெரும்பாலும் ஓர் அலுவலகம் பாவித்துவிட்டு நன்கொடையாகக் கொடுத்தது, அல்லது பதுளை, பண்டாரவளை, மொனராகலை கடைகளில் குறைந்த விலைக்கு வாங்கியது. ஒரு நாள் காலை அது இயங்க மறுக்கும். அப்போது என்ன செய்வது என்பதே இந்தப் பாடம்.

முதலில் ஒரு விதி

மடிக்கணினி வேறு, அதற்குள் இருக்கும் உங்கள் கோப்புகள் வேறு. கணினி இயங்காவிட்டாலும் கோப்புகள் வன்தட்டில் பத்திரமாக இருக்கலாம். "போமட் செய்தால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால், அதன் பொருள் வன்தட்டில் உள்ளதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. கோப்புகளை வெளியே எடுக்கும் வரை அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

மொனராகலைப் பக்கம் மீள்குடியேறிய ஒரு தாய் எங்களிடம் வந்தார். மகனின் உயர்தரப் பாடக்குறிப்புகளும், கணவரின் ஊழியர் சேமலாப நிதிப் பத்திரங்களின் படங்களும் கணினியில் இருந்தன. திரையில் ஓர் ஆங்கில வரி மட்டும் வந்து நின்றதால் கடையில் கொடுத்தார். இரண்டு நாளில் கணினி இயங்கியது. உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. அன்று கணினியில் ஒரு பென் டிரைவ் செருகியபடியே இருந்ததாக மகன் பிறகு சொன்னான். அதுதான் காரணமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதைக் கழற்றிப் பார்க்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்துக்காகவே இதை எழுதுகிறோம்.

எந்த இடத்தில் நிற்கிறது?

தோட்டத்தில் காலை பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு ஆட்களைச் சரிபார்த்த பிறகுதான் வேலை பிரித்துக் கொடுப்பார்கள். கணினியும் அப்படித்தான். மின்சாரம் கிடைத்ததும் நினைவகம், விசைப்பலகை, வன்தட்டு எல்லாம் வந்திருக்கின்றனவா என்று பார்க்கும். பிறகு வன்தட்டில் இருந்து விண்டோஸை அழைக்கும். ஆகவே "வேலை செய்யவில்லை" என்று சொல்வதோடு நிற்காமல், எந்த இடத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். நான்கு நிலைகள் உண்டு.

நிலை 1: விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை

கோளாறு பெரும்பாலும் மின்சாரத்தின் வழியில் இருக்கும். வரிசையாகப் பாருங்கள்.

1. அதே பிளக் பொயின்ட்டில் வேறொரு பொருளைச் செருகி மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். தளர்ந்த எக்ஸ்டென்ஷன் வயரை விட்டு நேரடியாகச் சுவரில் செருகுங்கள்.

2. சார்ஜரின் வயர் முறிந்திருக்கிறதா, கணினியில் செருகும் முனை ஆடுகிறதா என்று பாருங்கள். சார்ஜர் சரியா என்பதை அறிய, அதே வகைக் கணினி வைத்திருக்கும் ஒருவரின் சார்ஜரைக் கேட்டுப் போட்டுப் பாருங்கள். முனை பொருந்தினால் மட்டும் போதாது. பழைய ஏசர், எச்.பி. கணினிகள் பலவற்றுக்கு 19 அல்லது 19.5 வோல்ட், லெனோவோவுக்குப் பெரும்பாலும் 20 வோல்ட். கணினியின் அடியில் எழுதியுள்ள வோல்ட் எண்ணும் சார்ஜரில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சார்ஜரின் அம்பியர் எண் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

3. சார்ஜரைக் கழற்றுங்கள். பற்றரி வெளியே எடுக்கக்கூடியதாக இருந்தால் அதையும் கழற்றுங்கள். இயக்கும் பொத்தானை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பற்றரி இல்லாமல் சார்ஜரை மட்டும் செருகி இயக்கிப் பாருங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்ததும் பல கணினிகள் இயங்கத் தொடங்கும். இப்போது இயங்கினால், பழைய பற்றரியையும் சந்தேகிக்கலாம்.

எச்சரிக்கை: பற்றரி வீங்கியிருந்தால் சார்ஜ் செய்யாதீர்கள், அழுத்தவோ குத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும். கணினி மழையிலோ சேற்றுத் தண்ணீரிலோ நனைந்திருந்தால், இயங்குகிறதா என்று பார்ப்பதற்காகக்கூட அதை இயக்காதீர்கள். தண்ணீரை விட, ஈரத்தில் பாயும் மின்சாரம்தான் உள்ளே எரித்துவிடும். அடுப்படியில் வைத்துக் காய வைக்கவும் வேண்டாம். சார்ஜரையும் பற்றரியையும் கழற்றி, அப்படியே திருத்துபவரிடம் கொடுங்கள்.

நிலை 2: விளக்கு எரிகிறது, திரை கறுப்பு

விசிறிச் சத்தம் கேட்கிறது, திரையில் ஒன்றும் இல்லை. இருட்டில் டோர்ச் லைட்டைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் கணினி இயங்குகிறது, திரையின் பின்விளக்குதான் பழுது. தெரியாவிட்டால் தொலைக்காட்சியுடன் கேபிள் மூலம் இணைத்துப் பாருங்கள். அங்கே படம் வந்தால் கோப்புகளை உடனே பென் டிரைவுக்கு எடுத்துவிடலாம்.

எங்கும் படம் வராவிட்டால், அல்லது விட்டு விட்டு "பீப்" சத்தம் வந்தால், நினைவகம் என்னும் ரேம் இடத்தை விட்டு அசைந்திருக்கலாம். மலைப்பாதையில் பஸ்ஸில் வந்த கணினிக்கு இது புதிதல்ல. அடியில் ரேமுக்குத் தனி மூடி இருந்து, உங்களுக்குக் கை நிதானம் இருந்தால் மட்டும் செய்யுங்கள்: சார்ஜரையும் பற்றரியையும் கழற்றி, ஓர் உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு, ரேமை எடுத்து, அதன் பொன்னிற விளிம்பை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, தூசியை ஊதி, திரும்பவும் "டக்" என்று பொருந்தும்படி செருகுங்கள்.

நிலை 3: கம்பனியின் பெயர் வருகிறது, அதற்கு மேல் போகவில்லை

"நோ பூட்டபிள் டிவைஸ்" அல்லது "ஒப்பரேட்டிங் சிஸ்டம் நொட் ஃபவுண்ட்" என்ற வரி வந்தால், விண்டோஸ் இருக்கும் இடம் கணினிக்குத் தெரியவில்லை என்று பொருள்.

முதலில் பென் டிரைவ், மெமரி கார்ட், சீ.டி. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி இயக்குங்கள். சில கணினிகள் வன்தட்டைப் பார்க்கும் முன் பென் டிரைவில் விண்டோஸைத் தேடி, கிடைக்காமல் நின்றுவிடும்.

அடுத்து, இயக்கியவுடன் எஃப் 2 விசையை மீண்டும் மீண்டும் தட்டி பயோஸ் பக்கத்துக்குப் போங்கள். டெல், ஏசர் கணினிகளுக்கு எஃப் 2, எச்.பி.க்கு எஃப் 10. லெனோவோவில் எஃப் 1 அல்லது எஃப் 2. அங்கே வன்தட்டின் பெயர் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரிந்தால் வன்தட்டு உயிரோடு இருக்கிறது. தெரியாவிட்டால் அது கழன்றிருக்கலாம், அல்லது பழுதாகியிருக்கலாம். திகதியும் நேரமும் பல வருடம் பின்னால் காட்டினால், உள்ளே இருக்கும் காசு அளவுச் சிறு பற்றரி தீர்ந்துவிட்டது. அது தீர்ந்தால் பயோஸ் அமைப்புகளும் மாறிப்போகலாம். பல கணினிகளில் மாற்றுவதற்கு அதிகம் செலவாகாது. எதையும் மாற்றாமல் வெளியே வாருங்கள்.

வன்தட்டில் இருந்து "டிக், டிக்" என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். மறுபடி மறுபடி இயக்கினால் மிச்சம் இருப்பதும் போகும்.

நிலை 4: விண்டோஸ் தொடங்கிப் பாதியில் நிற்கிறது

விண்டோஸ் 10, 11 இரண்டும் தொடர்ந்து இரண்டு மூன்று முறை தொடங்க முடியாமல் போனால் தாமாகவே திருத்தும் பக்கத்தைக் காட்டும். அதில் "ஸ்டார்ட்-அப் ரிப்பெயார்" என்பதைத் தெரிவு செய்யலாம். அது உங்கள் கோப்புகளைத் தொடாது. "ரிமூவ் எவ்ரிதிங்" என்பதைத் தொடாதீர்கள். நீல நிறத் திரையில் 48 இலக்கக் குறியீடு கேட்டால் வன்தட்டு பூட்டப்பட்டிருக்கிறது. நன்கொடையாக வந்த அலுவலகக் கணினி என்றால் கொடுத்த நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். கணினி நன்றாக இருக்கும்போதே இதைக் கேட்டு எழுதி வைப்பது நல்லது.

கடையில் என்ன சொல்ல வேண்டும்?

"ஓன் ஆகவில்லை" என்று மட்டும் சொல்லாமல், எந்த நிலையில் நிற்கிறது, எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். அத்துடன் இந்த மூன்றையும் சொல்லுங்கள்:

1. "போமட் செய்ய வேண்டாம். முதலில் கோப்புகளை எடுத்துத் தாருங்கள்." வன்தட்டைக் கழற்றி யூ.எஸ்.பி. பெட்டியில் போட்டு வேறு கணினியில் திறக்கலாம். உபுண்டு போட்ட பென் டிரைவினால் இயக்கியும் எடுக்கலாம்.

2. "செலவு எவ்வளவு என்று சொன்ன பிறகு வேலையைத் தொடங்குங்கள்."

3. "வன்தட்டை மாற்றினால் பழையதை எனக்கே தாருங்கள்."

இவை பற்றுச்சீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்றே செய்யுங்கள்

கணினி இப்போது நன்றாக இயங்குகிறதா? அப்படியானால் இன்று மாலையே குடும்ப ஆவணங்களை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து, இன்னொரு பிரதியை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். பென் டிரைவை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் வைத்தால் இன்னும் நல்லது. படம் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் பிறப்புச் சான்றிதழின் பதிவு இலக்கமும் பதிவுத் திகதியும் அதில் தெரிந்தால், பிரதேச செயலகத்தில் புதிய பிரதி கேட்டு விண்ணப்பிப்பது மிகவும் இலகு. இடி மின்னல் அதிகமாக வரும் மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர்–நவம்பர் மாதங்களில் பிற்பகலில் சார்ஜரைச் சுவரில் இருந்து கழற்றியே வையுங்கள்.

பயிற்சி

1. உங்கள் கணினியின் அடியில் உள்ள வோல்ட் எண் என்ன? சார்ஜரில் உள்ள எண் என்ன?
2. உங்கள் கணினியில் பயோஸ் பக்கத்துக்குப் போகும் விசை எது? ஒரு முறை போய், எதையும் மாற்றாமல் திரும்பி வாருங்கள்.
3. இந்தக் கணினி நாளை இயங்காவிட்டால் எந்தக் கோப்புக்காக நீங்கள் அதிகம் கவலைப்படுவீர்கள்? அதன் இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், மற்ற இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்தப் பிரதியை எடுங்கள்.