அடிவெள்ளம் தணுத்துக் கிடக்கும்போது

கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 27. கோவளத்தில் ஸ்கூபா படித்து, 40 மீட்டர் வரை இறங்கும் சான்றிதழ் வாங்கியிருக்கிறார். அஞ்சுதெங்குக்கு எதிரே ஆழத்தில் கிடக்கும் பழைய கப்பலுக்குப் போக நண்பர்கள் கூப்பிடுகிறார்களாம். "12 லிட்டர் சிலிண்டர் இருக்கிறது, நல்ல டார்ச் இருக்கிறது, வேறென்ன வேண்டும்?" என்று கேட்கிறார்.

தம்பி, அந்த ஒற்றை சிலிண்டரிலிருந்தே தொடங்குவோம்.

கப்பல் 45 மீட்டரில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அழுத்தம் 5.5 பார். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கும் நீங்கள் அங்கே 110 லிட்டர் இழுப்பீர்கள். 200 பார் நிரப்பிய சிலிண்டரில் இருப்பது 2,400 லிட்டர். 20 நிமிடத்துக்குக் காணும் என்று மனம் சொல்லும். அதைக் கேட்காதீர்கள். கூட வந்தவருக்கு அடியில் காற்று நின்றுபோனால் இரண்டு பேரும் உங்கள் சிலிண்டரில்தான் ஏற வேண்டும். பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர், இருவருக்கும் 60. அடியில் நிதானத்துக்கு வர 2 நிமிடம்: 660 லிட்டர். 21 மீட்டர் வரை ஏற 3 நிமிடம்: 774. அங்கே அடுத்த சிலிண்டருக்கு மாற 1 நிமிடம்: 186. மொத்தம் 1,620 லிட்டர். உங்கள் சிலிண்டரில் அது 135 பார். மிச்சமிருக்கும் 65 பாரில் அடியில் 7 நிமிடம் கிடைக்கும், இறங்கும்போது செலவானதைக் கழிக்காமலேயே. மாறுவதற்கு இரண்டாவது சிலிண்டரும் இல்லையென்றால் அந்த 7 நிமிடமும் கிடையாது.

திரும்பி வருவதற்கான காற்றை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில்தான் கப்பலைப் பார்க்க வேண்டும். இரட்டை 12 லிட்டர் சிலிண்டர் போட்டால் அதே இருப்பு 70 பாருக்குள் அடங்கும். முதுகில் இரட்டை, பக்கவாட்டில் 50 சதவீத ஆக்சிஜன் கலவையுடன் ஒரு சிலிண்டர். அந்தக் கலவையை 21 மீட்டருக்குக் கீழே வாயில் வைத்தால் வலிப்பு வரும் ஆபத்து உண்டு. அதனால் சிலிண்டரின் கழுத்திலிருந்து அடிவரை பெரிய எழுத்தில் 21 என்று எழுதி ஒட்டுங்கள்.

முதுகில் வெறும் காற்றை நிரப்பிக்கொண்டு போகலாமா? நான் போக மாட்டேன். 45 மீட்டரில் காற்று லிட்டருக்கு 7 கிராம் அளவுக்குக் கனத்துவிடுகிறது. அவ்வளவு கனமான காற்றை நுரையீரல் முழுவதுமாக வெளியே தள்ளத் திணறும், கரியமிலவாயு உடம்பிலேயே தங்கும். நைட்ரஜன் மயக்கம் அதற்கு மேல். 21 சதவீத ஆக்சிஜன், 35 சதவீத ஹீலியம் கலந்த டிரைமிக்ஸில் அதே ஆழத்தில் கனம் 5 கிராமுக்கு இறங்கும். மயக்கமும் காற்றில் 26 மீட்டரில் இருப்பது போலத்தான் இருக்கும். ஹீலியம் விலை அதிகம்தான். காசு இல்லையென்றால் அந்த ஆழத்துக்குப் போகாமல் இருக்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

இனி உங்கள் கடிதத்தில் இல்லாத விஷயம்: குளிர். கேரளக் கடலில் குளிரா என்று வெளியூர்க்காரர் கேட்கலாம், விழிஞ்ஞத்துக்காரர் கேட்க மாட்டார். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் குமரி முனையை ஒட்டிய இந்தக் கடலில் ஆழத்து நீர் மேலெழுந்து வரும். மேலே 28 டிகிரியாக இருக்கும்போதே அடியில் 22, 23-க்கு இறங்கிவிடும். "அடிவெள்ளம் தணுத்துக் கெடக்கு, மீனு மேல ஏறி நிக்கும்" என்று வள்ளத்தில் ஒரு மூத்த அண்ணன் சொன்ன நாளில் நான் அலட்சியமாக 3 மில்லிமீட்டர் ரப்பர் சூட்டோடு இறங்கினேன். 30 மீட்டர் தாண்டியதும் நீரில் ஒரு கண்ணாடிப் பாளம் நெளிவது போலத் தெரிந்தது. அதற்குள் தலை நுழைந்த நொடியில் மூச்சு தடதடவென்று வேகமெடுத்தது. 10 நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போயின. பக்கவாட்டு சிலிண்டரின் கொக்கியைத் திறக்க நான்கு முறை முயன்றேன். கண்ணுக்குக் கொக்கி தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. அன்று கூட இருந்தவர்தான் கழற்றிக் கொடுத்தார்.

காற்றை விட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். ரப்பர் சூட் ஆழத்தில் நசுங்கி மெலிந்துவிடுவதால், சரியாகத் தேவைப்படும் இடத்தில் அது கைவிடும். 5 மில்லிமீட்டர் சூட், தலைமூடி, கையுறை மூன்றும் வேண்டும். காற்றுக் கணக்கையும் 20 லிட்டரில் போடாமல் 25-இல் போடுங்கள். நம் கடலில் ஒரு நல்லது உண்டு: அழுத்தம் தணிய நின்று நின்று ஏறும் இடத்தில் நீர் வெதுவெதுப்பாக இருக்கும். உடம்பு சூடாக இருந்தால் நைட்ரஜன் நன்றாக வெளியேறும். குளிர்ந்தால் உள்ளேயே தங்கும். படகில் ஏறியதும் ஈர உடையோடு காற்றில் உட்காராதீர்கள்.

கப்பலுக்குள் நுழையாதீர்கள். 1992-இல் நியூஜெர்சிக்கு அப்பால் 70 மீட்டரில் கிடக்கும் யு-869 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக்குள் கிறிஸ் ரவுஸும் அவர் மகன் கிறிஸியும் போனார்கள். தேர்ந்த குகை முக்குளிப்பாளர்கள். சுவாசித்தது வெறும் காற்று. உள்ளே மகன்மீது தட்டுமுட்டுகள் சரிந்தன, விடுவிக்க நேரமானது. கடைசியில் நிறுத்தங்கள் எதிலும் நிற்காமல் நேரே மேலே வந்தார்கள், இருவரும் இறந்தார்கள். நம் பக்கத்தில் வெளிப்புறமே போதிய ஆபத்து. மீனவர்களுக்கு மூழ்கிய கப்பல் ஒரு பாரு, மீன் அடையும் இடம். தலைமுறை தலைமுறையாக அங்கே சிக்கி அறுந்த வலைகளும் தங்கூசியும் மிதந்துகொண்டிருக்கும். வெட்டும் கருவி இரண்டு வேண்டும், இரண்டு கைக்கும் எட்டும் இடத்தில்.

படகோட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. கரையின் கோயில் கோபுரம், தேவாலயம், மலை இவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்துக் கணிச்சம் பிடிப்பவரை அழைத்துப் போங்கள். ஜிபிஎஸ் புள்ளியைத் தரும். நீரோட்டம், அதாவது நீவாடு, எந்தப் பக்கம் இழுக்கிறது, நீங்கள் எங்கே மேலே வருவீர்கள் என்று அவருக்குத்தான் தெரியும். ஏறும்போது ஆரஞ்சு மிதவையைக் கட்டாயம் விடுங்கள்; விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வந்துபோகும் கடல் இது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 2025 மே 25 அன்று 640 கண்டெய்னர்களோடு மூழ்கி, சுமார் 50 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதன் சரக்கில் கால்சியம் கார்பைடு இருந்தது. அந்தப் பக்கம் நினைக்கவே வேண்டாம்.

கிளம்பும் முன், முக்குளிப்பு நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறைக்குத் தொலைபேசியில் பேசி, அன்று வேலை செய்கிறதா, பொதுமக்களை ஏற்பார்களா என்று கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய அறை உள்ள கடற்படையின் முக்குளிப்புப் பள்ளி இருப்பது கொச்சியில். இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர். வழி நெடுக முகமூடியில் கொடுக்க ஆக்சிஜன் படகில் இருக்க வேண்டும்.

அந்தக் கப்பலிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். 100 ஆண்டு கடந்த பொருளென்றால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும்; ஒரு ஓட்டுத் துண்டு இடம் மாறினாலும் அந்தக் கப்பல் யாருடையது என்று கண்டுபிடிக்கும் வழி ஒன்று அடைபடுகிறது.

ஆசையை விடச் சொல்லவில்லை, வரிசையை மாற்றச் சொல்கிறேன். இந்தச் சீசனில் கோவளத்தில் இரட்டை சிலிண்டரோடு 15 மீட்டருக்குள் பழகுங்கள். அடுத்து மட்டக்களப்பு. இங்கே கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அங்கே அமைதியாக இருக்கும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற கப்பல் 24 மீட்டரில் இருக்கிறது. அதே நாள் 300 பேருக்கு மேல் பலிகொண்டு மூழ்கிய விமானந்தாங்கி ஹெர்மிஸ் 50 மீட்டருக்கும் கீழே. முதலாவதில் பல முறை இறங்கி, டிரைமிக்ஸ் படித்து முடித்த பிறகு இரண்டாவது. அஞ்சுதெங்கு அதற்கும் அப்புறம்.

இப்போதைக்கு ஒரு வேலை: கையுறை போட்டுக்கொண்டு, 6 மீட்டரில், கண்ணை மூடி, முதுகுக்குப் பின்னால் இரட்டை சிலிண்டரில் இருக்கும் மூன்று வால்வுகளையும் ஒவ்வொன்றாக மூடித் திறக்கப் பழகுங்கள், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க. எத்தனை விநாடி ஆகிறது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.