நிரல் முடிந்தபின் விளக்கை எரியவிடுதல்

ராஸ்பெரி பை கணினியில், குறித்த நேரத்தில் வேலைகளைத் தாமாகவே தொடங்கும் க்ரான் சேவையைக் கொண்டு 15 நிமிடத்துக்கு ஒருமுறை பைத்தான் நிரல் ஒன்றை ஓடவிட்டு, வானிலையையோ தொட்டியின் நீர்மட்டத்தையோ எல்இடி விளக்கின் நிறத்தால் காட்ட முனைவோர் பெரும்பாலும் முதலில் சந்திப்பது, நிரல் முடிந்ததுமே விளக்கும் அணைந்துவிடும் சிக்கலைத்தான். வயரிங்கைச் சந்தேகிக்கும் முன், நிரல் வெளியேறும்போது என்னென்ன செய்துவிட்டுப் போகிறது என்று பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பலகையின் ஜிபிஐஓ பின்கள், அதாவது நிரலால் மின்னழுத்தத்தை ஏற்றவும் இறக்கவும் கூடிய இணைப்பு முனைகள், நிரல் முடிகையில் பழைய நிலைக்குத் திரும்புவதே பாதுகாப்பு என்று நூலகங்களை எழுதியோர் கருதியதால், ஆர்பிஐ ஜிபிஐஓ நூலகத்தில் கிளீனப் என்ற கட்டளை பின்களை உள்ளீட்டு நிலைக்கு மாற்றுகிறது. ஜிபிஐஓ ஸீரோ நூலகமோ அதைக் கேட்காமலேயே செய்துவிடுகிறது. முன்னதில் அந்த ஒரு வரியை நீக்கினாலே பெரும்பாலும் விளக்கு நின்று எரியும். அடுத்த ஓட்டத்தில் பின் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என வரும் எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

பிமரோனி நிறுவனத்தின் பிளிங்க்ட் பலகையில் நிலைமை இன்னும் எளிது. அதிலுள்ள 8 ஏபிஏ102 விளக்குகளில் ஒவ்வொன்றும் தன்னுள் ஒரு கட்டுப்பாட்டுச் சில்லைக் கொண்டிருப்பதால், கடைசியாக வந்த நிறத்தை மின்சாரம் இருக்கும்வரை தானே வைத்துக்கொள்ளும். அணைப்பது நூலகம்தான் என்பதால், 'செட் கிளியர் ஆன் எக்ஸிட்' என்னும் கட்டளைக்கு 'ஃபால்ஸ்' என்ற மதிப்பைக் கொடுத்தால் போதும்.

விளக்கு அணையாதிருக்க நிரலையே முடியவிடாமல் முடிவற்ற சுழலில் நிறுத்துவது பலரும் நாடும் வழியாயினும், க்ரானுடன் அது ஒத்துவராது. முந்தையது முடிந்ததா என்று பாராமல் க்ரான் புதியதைத் தொடங்குவதால், ஒரே நாளில் 96 நிரல்கள் ஒரே பின்னுக்காக வரிசைகட்டி நிற்கும். சாதாரண எல்இடிக்கு உறுதியான வழி, அதன் பொறுப்பை இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் விடுவதே: துவக்க அமைவுக் கோப்பில் ஜிபிஐஓ எல்இடி என்ற ஓவர்லேயைச் சேர்த்துவிட்டால், விளக்கு ஒரு கோப்பாகவே தோன்றும், நிரல் ரூட் உரிமையுடன் அதில் 1 அல்லது 0 எழுதிவிட்டு நிம்மதியாக வெளியேறலாம். 2023இல் வந்த ராஸ்பெரி பை 5இல் பின்களை ஆர்பி1 என்ற தனிச் சில்லு கையாளுவதால் பழைய ஆர்பிஐ ஜிபிஐஓ நூலகம் அங்கு இயங்காது என்பதும் இம்முறைக்குச் சாதகமாகிறது.

எரிந்துகொண்டே இருக்கும் விளக்கில் வேறோர் ஆபத்து உண்டு. இணையம் துண்டிக்கப்பட்டு நிரல் பாதியில் நின்றாலும், காலையில் ஏறிய பச்சை மாலைவரை பச்சையாகவே இருக்கும், பார்ப்பவரோ அதை நம்பிவிடுவார். ஆகவே ஒவ்வோர் ஓட்டத்திலும் முதல் வேலையாக மங்கிய ஊதா போன்ற 'தகவல் இல்லை' நிறத்தை ஏற்றி, தரவு முழுமையாகக் கிடைத்த பிறகே உரிய நிறத்தை எழுதுவது நல்லது. க்ரானே ஓடாமல் போவதை இது காட்டாது. அதற்கு, கடைசி வெற்றிகரமான ஓட்டத்தின் நேரத்தைப் பார்த்து விளக்கை அணைக்கும் சிறு நிரல் ஒன்றை, க்ரானைச் சாராத சிஸ்டம்டி டைமரில் வைப்பது தகும்.