பி.பி.டி.க்குப் பிறகு நரம்பியல்: எந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது?

அறந்தாங்கியிலோ பொன்னமராவதியிலோ பிசியோதெரபி கிளினிக் திறந்தால் தேடி வருவது பெரும்பாலும் முழங்கால் வலியும் இடுப்பு வலியும்தான். பக்கவாதம் வந்தவரால் வர முடியாது. நாம்தான் அவர் கட்டிலுக்குப் போக வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. அந்த வீட்டில் சந்தேகம் கேட்க சீனியர் யாரும் இருக்கமாட்டார். ஆகவே மேற்பயிற்சிக்குக் கிளம்பும் புதுக்கோட்டைப் பிள்ளைகள் ஒன்றை முதலில் விசாரிக்க வேண்டும்: நீங்கள் நோயாளியைக் கையாளும்போது பக்கத்தில் நின்று திருத்த ஆள் உண்டா?

அமெரிக்காவின் ரெசிடென்சி முறை இதை விதியாகவே வைத்திருக்கிறது. குறைந்தது 1,500 மணி நேரம் சிகிச்சைப் பணி, அதில் 150 மணி நேரம் வழிகாட்டியோடு. ஆனால் அந்நாட்டு உரிமம் பெற்றவர்களுக்கே அது, பி.பி.டி. முடித்த கையோடு போய்ச் சேர முடியாது.

இங்கே அதற்கு நெருக்கமானது இரண்டாண்டு எம்.பி.டி. நியூரோ. ஆசிரியர் வேலைக்கும் இந்தப் பட்டம்தான் உதவும். ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசம் மிக அதிகம். நரம்பு அறுவை சிகிச்சை வார்டும் தீவிர சிகிச்சைப் பிரிவும் சொந்தமாக உள்ள மருத்துவமனையோடு இணைந்த கல்லூரியையே நான் சொல்வேன், கட்டணம் கொஞ்சம் கூடினாலும்.

வார இறுதி சான்றிதழ் வகுப்புகளை (பி.என்.எஃப்., போபாத்) பட்டத்துக்கு மாற்றாக நினைக்காதீர்கள். உத்தியை இரண்டு நாளில் கற்கலாம். எப்போது, எவ்வளவு என்று முடிவெடுப்பது அப்படி வராது. உதாரணமாக, பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் தீவிரமாக எழுப்பி நடமாட வைத்தால் நல்லது என்றுதான் பலரும் நம்பினார்கள். 2,000-க்கு மேற்பட்ட நோயாளிகளோடு நடந்த அவெர்ட் ஆய்வு, வழக்கமான சிகிச்சையைவிட அதில் பலன் குறைவு என்று 2015-ல் காட்டியது.

பணம் இடிக்கிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்: முதலில் ஒரு மறுவாழ்வு மையத்தில் ஓரிரு ஆண்டு வேலை, பிறகு எம்.பி.டி. தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்துத் தண்டுவடம் அடிபட்டுக் கை கால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. தண்டுவடக் காயமும் மூளை முடக்குவாதக் குழந்தைகளும் அங்கே அன்றாட வேலை. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் 1966-லிருந்து இயங்குகிறது. விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் உழைப்பு அது. இத்தகைய இடங்களில் ஒரே நோயாளியை மாதக்கணக்கில் பார்க்கலாம்; வீட்டு வாசற்படியை எப்படி ஏறுவார், கழிப்பறைக்கு எப்படிப் போவார் என்பதுவரை யோசிக்கக் கற்கலாம். கந்தர்வகோட்டைப் பக்கத்து ஓட்டு வீட்டில் சிகிச்சை தரப்போகிறவருக்கு அதுதான் வேண்டும்.

எம்.பி.டி.க்கு முன்பணம் கட்டும் முன் கல்லூரி அலுவலகத்தோடு திரும்பிவிடாதீர்கள். வார்டில் இரண்டாமாண்டு மாணவர்களைப் பிடித்து, போன வாரம் ஆசிரியர் எத்தனை முறை உங்களோடு நோயாளி பக்கத்தில் நின்றார் என்று கேளுங்கள்.