தனித் தட்டு

புனே நகரில் ஒரு கொத்தனார். வயது 38. வேலை செய்யும் இடத்தில் மருத்துவ முகாம் நடந்தது. அவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். இரண்டு நாள் கழித்துச் சீட்டு வந்தது. அதில் "எஸ்.ஜி.பி.டி. 96" என்று இருந்தது. சாதாரணமாக அது சுமார் 40 வரை இருக்கலாம்.

"கல்லீரல் கெட்டுவிட்டது" என்றார் உடன் வேலை செய்பவர். பச்சிலை மருந்து சாப்பிடச் சொன்னார் இன்னொருவர். சில பச்சிலை மருந்துகளே கல்லீரலைக் கெடுப்பதுண்டு. இது அவருக்குத் தெரியாது.

"முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வாங்க" என்றார் மனைவி.

"எனக்குக் கண் மஞ்சளாக இல்லையே டாக்டர்?" என்று கேட்டார் கொத்தனார்.

"மஞ்சள் தெரியாமலும் கல்லீரலில் நோய் இருக்கலாம்" என்றார் டாக்டர். பிறகு விளக்கினார்.

கல்லீரல் வலது விலா எலும்புகளுக்கு உள்ளே இருக்கிறது. எடை சுமார் ஒன்றரை கிலோ. அதன் செல்களுக்குள் இருக்கும் ஒரு பொருள்தான் எஸ்.ஜி.பி.டி. செல்கள் புண்பட்டால் அது கசிந்து இரத்தத்தில் கலக்கும். சாக்கில் ஓட்டை விழுந்தால் அரிசி சிந்தும் அல்லவா? அதுபோலத்தான். சிந்திய அரிசியைப் பார்த்தால் ஓட்டை இருப்பது தெரியும். எலி கடித்ததா, ஆணி கிழித்ததா என்பது தெரியாது. சாக்கில் மீதி எவ்வளவு என்பதும் தெரியாது.

குடிப்பழக்கம் உண்டா? காசநோய் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? வலி மாத்திரை? சர்க்கரை நோய்? இப்படிப் பல கேள்விகள் கேட்டார் டாக்டர். குடிக்காதவர்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு சேர்வதுண்டு.

"சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் குடிப்பேன்."

"அதையும் விட்டுவிடுங்கள்."

மேலும் சில பரிசோதனைகள் நடந்தன. காரணம் தெரிந்தது. ஹெப்படைட்டிஸ் பி என்னும் கிருமி.

வீட்டில் அன்றே தனித் தட்டு வந்தது. தனி டம்ளர் வந்தது. "அப்பாவிடம் போகாதே" என்று பேரனைத் தடுத்தார் கொத்தனாரின் தாய்.

இது தேவையே இல்லை. காமாலையில் பல வகை உண்டு. அசுத்தமான தண்ணீரால், உணவால் வருவது வேறு வகை. பி கிருமி இரத்தத்தின் வழியாகவும் உடலுறவின் வழியாகவும் பரவும். ஒருவர் சவரம் செய்த பிளேடு, ஒருவருக்குப் போட்ட ஊசி, பச்சை குத்தும் ஊசி ஆகியவற்றால் மற்றவருக்கு வரும். சேர்ந்து சாப்பிட்டால் வராது. தொட்டால் வராது. பிள்ளையைத் தூக்கினால் வராது.

"எனக்கு எப்படி வந்தது?" என்று கேட்டார் கொத்தனார்.

"சொல்ல முடியாது. பிறக்கும்போது தாயிடமிருந்தும் வந்திருக்கலாம். அம்மாவையும் அழைத்து வாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை வேண்டும்" என்றார் டாக்டர்.

தனித் தட்டு வைத்த தாய் எதுவும் பேசவில்லை. மறுநாள் அவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

கொத்தனாருக்குத் தினம் ஒரு மாத்திரை. அது கிருமியை அடக்கி வைக்கும். தாமாக நிறுத்தினால் நோய் கடுமையாகிவிடலாம். இந்த நோய் உள்ள எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. ஆனால் எல்லோரும் தொடர்ந்து பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 2018இல் மத்திய அரசு இதற்கென ஒரு திட்டம் தொடங்கியது. அதில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

மனைவிக்கு நோய் இல்லை. அன்றே முதல் தடுப்பூசி போட்டார்கள். அடுத்தது ஒரு மாதம் கழித்து. மூன்றாவது ஆறாம் மாதம். பச்சைக் குழந்தைக்கு என்றால், பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும்.