காற்றடைத்த கட்டுமரம்: மலிவான துடுப்புப் பலகையைத் தெரிவு செய்தல்



கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எமது வால்தம்ஸ்டோ மாணவரிடையே ஒரு பொருளைப் பற்றிய பேச்சு மிகுகின்றது. நின்றபடியே துடுப்பினால் வலித்துச் செல்லும் 'பாடில் போர்ட்' என்பதே அது. காற்றைத் திறந்துவிட்டால் சுருண்டு முதுகுப்பைக்குள் அடங்கிவிடும் இப்பலகையை இன்று பல கடைகளில் மலிவாக வாங்கலாம். "எதனை வாங்குவது?" என்று பெற்றோர் சிலர் எம்மிடம் வினவினர். அவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. மிதவையும் நாமும்

மிதவையின்மேல் நின்று துடுப்புப் போடுவது தமிழருக்குப் புதிதன்று. எமது 'கட்டுமரம்' என்னும் சொல்லே ஆங்கிலத்தில் 'கட்டமரான்' ஆயிற்று. வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலேய மாலுமி 1697ஆம் ஆண்டு வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையோர மீனவரின் மிதவையை இப்பெயராலேயே குறிப்பிட்டார்.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தற்கில்லை. இன்று பெற்றோராக உள்ள எம் தலைமுறையினருள் பலர் கடலருகே பிறந்தும் நீந்தப் பழகாதோர். போர்க்காலத்தில் எமது கரையோரத்தின் பல பகுதிகள் தடைவலயங்களாக இருந்தன. கடல் எமக்குக் காட்சிப்பொருளாயிற்று; பழகுபொருளாகவில்லை. எனவே பிள்ளைக்கு ஒரு மிதவையை வாங்கிக் கொடுக்குமுன் நாம் சிலவற்றைப் படித்தறிதல் கடமையாகும்.

2. பலகையின் அமைப்பு

பையொன்றைக் காற்றால் நிரப்பினால் அது உருண்டு திரளும். இப்பலகை மட்டும் தட்டையாக நிற்பது எவ்வாறு? மேல், கீழ் என்னும் இரு பி.வி.சி. படைகளையும் உள்ளே ஆயிரக்கணக்கான நூலிழைகள் இணைத்து நிற்கின்றன. காற்று படைகளைப் பிரித்துத் தள்ள, இழைகள் அவற்றை இழுத்துப் பிடிக்கின்றன. இவ்விரு விசைகளின் சமநிலையே பலகையின் விறைப்பாகும். பொதுவாகச் சதுர அங்குலத்திற்கு 12 முதல் 15 இறாத்தல் வரையிலான அமுக்கம் தேவைப்படும். மகிழுந்துச் சக்கரத்தின் அமுக்கம் ஏறத்தாழ 30 இறாத்தல் என்பதை நினைவிற் கொள்க. குறைந்த அமுக்கமுடைய பலகை நடுவில் வளைந்து, நிற்பவரை நீரில் வீழ்த்தும்.

3. அளவும் தரமும்

தொடக்கநிலையினருக்கு நீளத்திலும் அகலமே முக்கியமானது. ஏறத்தாழ பத்தரை அடி நீளமும், 32 அங்குலத்திற்குக் குறையாத அகலமும், 6 அங்குலத் தடிப்பும் வளர்ந்தோருக்குப் பொருந்தும். மிக மலிவானவற்றுட் சில 4 அங்குலத் தடிப்பே உடையன. அவை பாரமுள்ளோரைத் தாங்கி நிற்கமாட்டா. உற்பத்தியாளர் குறித்துள்ள உச்சப் பாரத்தைப் பார்த்து, உங்கள் நிறை அதனினும் நன்கு குறைந்திருப்பதை உறுதி செய்க. பிள்ளையோடு சேர்ந்து ஏற எண்ணினால் இருவர் நிறையையும் கூட்டுக.

துடுப்பு நீளத்தை மாற்றத்தக்கதாக, உயரத்திலும் ஏறத்தாழ ஒரு சாண் கூடியதாக இருத்தல் வேண்டும். அலுமினியத் துடுப்பு சற்றுப் பாரமாயினும் தொடக்கத்திற்குப் போதுமானது. பம்பி இருவழியும் காற்றுத் தள்ளுவதாயின் கை சோராது. அடிச்செட்டை தொலையக்கூடியது, ஆதலால் தனியே வாங்கத்தக்க பொது அளவினதாக இருப்பது நன்று.

ஒருமுறை பயன்படுத்திய பலகையை வாங்குவதும் சிக்கனமே. ஆனால் முழு அமுக்கத்திற்குக் காற்றடித்து, ஒரு நாள் வைத்து, அமுக்கம் இறங்குகின்றதா என்று பார்த்த பின்னரே பணத்தைக் கொடுக்க வேண்டும். ஓரப் பொருத்துகளையும் வால்வையும் சவர்க்கார நீரால் நனைத்தால், காற்றுக் கசியும் இடத்திற் குமிழிகள் தோன்றும்.

4. பெட்டிக்கு வெளியே உள்ளவை

முதலாவது, மிதவை அங்கி. விற்கப்படும் தொகுதிகள் பலவற்றில் இது இருப்பதில்லை. அணிபவரின் நிறைக்கு ஏற்றதாக இதனைத் தனியே வாங்க வேண்டும்.

இரண்டாவது, பலகையையும் ஆளையும் இணைக்கும் கயிறு. வீழ்ந்தவரிடமிருந்து பலகை விலகிச் செல்லாது காப்பது இதுவே. ஆனால் ஓடும் நீரில் கணுக்காலிற் கட்டிய கயிறு ஒரு தடையிற் சிக்கினால், நீரோட்டம் அமிழ்த்தும் வேளையில் அதனை எட்டிக் கழற்ற இயலாது. அங்கு ஒரே இழுப்பிற் கழலும் இடுப்புப் பட்டியே தகும். 2021 அக்டோபர் 30 அன்று வேல்ஸின் ஹேவர்போர்ட்வெஸ்ட் நகரில், மழையாற் பெருகிய ஆற்றின் தடுப்பணையில் துடுப்புப் பலகையிற் சென்ற நால்வர் உயிரிழந்தனர். தடுப்பணை கண்ட இடத்தில் கரையேறுக என்பது விதி.

5. எமது அயல்

வால்தம்ஸ்டோ ஈரநிலப் பூங்கா 2017இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்குள்ளவை இலண்டன் மாநகருக்குக் குடிநீர் தேக்கும் நீர்த்தேக்கங்கள். அவற்றில் இறங்குதலும் பலகை மிதக்கவிடுதலும் ஆகா.

அதன் அருகே ஓடும் லீ கால்வாயிற் செல்ல அனுமதிப் பத்திரம் வேண்டும். 'பாடில் யூகே' அமைப்பின் நீர்வழி உறுப்புரிமையுடன் அதுவும் கிடைக்கும். மதகுகளில் பலகையைத் தூக்கிக் கொண்டு கரைவழியே நடக்க வேண்டும். ஸ்பிரிங்ஃபீல்ட் அருகே ஓட்டப் படகுகளை வலிப்போர் பின்முகமாக அமர்ந்திருப்பர். உங்களை அவர்கள் காணாதிருக்கவும் கூடும். வீடு திரும்பியதும் கைகால்களைக் கழுவுக. எமது வயல்வெளிகளில் அறியப்பட்ட எலிக்காய்ச்சல் இந்நாட்டுக் கால்வாய் நீரிலும் தொற்றக்கூடும்.

6. குளிரும் காற்றும்

பாக்கு நீரிணையை 1971இல் நீந்தி வென்ற வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன், 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது உயிர்நீத்தார். 2016 ஆகஸ்ட் 24 அன்று கம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில் எம்மினத்து இளைஞர் ஐவர் மூழ்கி மாண்டனர். அன்று அக்கரையில் உயிர்காப்பாளர் எவரும் இருக்கவில்லை. இவை எம்மை அச்சுறுத்துவதற்காக அன்று, ஆயத்தப்படுத்துவதற்காகவே நினைவுகூரப்படுகின்றன.

இந்நாட்டு நீர் கோடையிலும் குளிர்ந்தது. திடீரென வீழ்ந்தவருக்கு மூச்சுத் திணறும். அப்போது நீந்த முயலாது, தலையைப் பின்சாய்த்து மல்லாந்து மிதக்க வேண்டும். ஒன்றிரண்டு நிமிடத்தில் மூச்சு வசப்படும். பின்னரே பலகையைப் பற்றுக. காற்றடைத்த பலகை இலேசானது; கரையிலிருந்து கடல்நோக்கி வீசும் காற்று அதனை விரைந்து அடித்துச் செல்லும். சோழகத்தையும் வாடையையும் அறிந்த எம் மீனவர் காற்றைப் பாராது கடலிறங்கார். எதிர்காற்றில் நிற்காது முழந்தாளிட்டு வலிக்க வேண்டும். கரை சேர இயலாவிடின் பலகையைக் கைவிடாதீர்.

7. வாங்கும் ஒழுங்கு

முதலில் நீச்சல், அடுத்துப் பயிற்சியாளரிடம் வாடகைப் பலகையில் ஓரிரு பாடங்கள், மூன்றாவதாக மிதவை அங்கியும் ஏற்ற கயிறும், இறுதியாகவே பலகை. கைப்பணம் குறைவாயின் பலகையிற் சிக்கனம் செய்க, முன்னைய மூன்றிலும் செய்யற்க. இதுவே இப்பாடத்தின் சாரம். பிள்ளையை நீச்சலுக்கு அனுப்பும் பெற்றோர் தாமும் உடன் சேர்ந்து பயிலலாம். நாற்பது வயதில் நீரிறங்குவதில் நாணமில்லை. பிள்ளை கைநீட்டும் வேளையிற் கரையில் நின்று கதறுவதே கொடிது.

பயிற்சி

அ. 3.2 மீற்றர் நீளமும் 0.8 மீற்றர் அகலமும் 0.15 மீற்றர் தடிப்புமுள்ள செவ்வகப் பலகையின் கனவளவு எத்தனை லீற்றர்? உண்மைப் பலகையின் கனவளவு இதனிற் குறைவாயிருப்பது ஏன்?

ஆ. பலகைத் தொகுதி 260 பவுண், மிதவை அங்கி 40 பவுண், இடுப்புப் பட்டி 20 பவுண் எனக் கொள்க. இவை யாவும் அடங்கிய வாடகை ஒரு முறைக்கு 20 பவுண். ஆண்டுக்கு நான்கு முறை செல்லும் ஒருவருக்கு எத்தனை ஆண்டுகளில் இரு செலவுகளும் சமனாகும்? அவருக்கு எது உகந்தது?

இ. பின்வரும் சொற்களை வாக்கியத்தில் அமைக்க: மிதவை, துடுப்பு, மதகு, நீரோட்டம், கரைசேர்தல்.

ஈ. உங்கள் பாட்டனார் அல்லது பாட்டியாரிடம் ஊரில் வழங்கிய கலங்களின் பெயர்களையும் காற்றுகளின் பெயர்களையும் கேட்டு எழுதி வருக.